மரியநாதன் அங்கிளின் துயில்வாணர்

மரியநாதன் அங்கிள் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்று முதலில் சந்தேகப்பட்டவர் காளிதாஸ் அண்ணன். அதை அவர் குழுவில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார். அந்த ஆள் நம்மை வைத்து விளையாடுகிறார், கவனித்தாயா என்று கேட்டார். நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாங்கள் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் உள்ள ஒரு சிறிய வாசகர் குழு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியில் கூடுவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் பேசுவோம். பாதிப் பேருக்குக் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்ய வராது என்பதால், படித்த புத்தகத்தைப் பற்றிய கருத்தைக் குரல் பதிவாக அனுப்புவது எங்கள் வழக்கம். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சும்மா இருந்த எனக்கு, அந்தப் பதிவுகளைக் கேட்டுச் சுருக்கி எழுதி எங்கள் முகநூல் பக்கத்தில் போடும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவருடைய கருத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே ஆள் நான்தான். யார் உண்மையாகப் படித்தார்கள், யார் பின்னட்டையை மட்டும் படித்தார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

அப்போது நாங்கள் படித்துக்கொண்டிருந்தது ‘துயில்வாணர்’. மூன்று பாகங்கள்; அப்போது இரண்டுதான் வந்திருந்தன. எழுதியவர் மூவார் என்ற ஊரைச் சேர்ந்த செல்வராணி; ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். அவர் படைத்த உலகத்தில் மந்திரம் என்பது தூக்கம். துயில்வாணர் என்கிற கூட்டத்தார் மற்றவர்களிடமிருந்து தூக்கத்தை வாங்குவார்கள். வாங்கிய தூக்கத்தை எதன்மேல் வேண்டுமானாலும் போர்த்தலாம். ஆற்றின்மேல் போர்த்தினால் ஆறு தூங்கிவிடும், அதன்மேல் நடந்து போகலாம். கோட்டைச் சுவரின்மேல் போர்த்தினால் சுவர் துணிபோலத் துவண்டு விழும். காயத்தின்மேல் போர்த்தினால் வலிக்காது. ஆனால் தூக்கத்தைக் கொடுத்தவர்கள் விழித்தே கிடக்க வேண்டும். கதாநாயகி நல்லினி ஓர் ஊரின் தூக்கம் முழுவதையும் வாங்கி ஒரு படையை நிறுத்துவாள். தூக்கமில்லாமல் அந்த ஊர் என்ன ஆனது என்பதுதான் இரண்டாம் பாகம்.

குழுவில் பெரிய சண்டை நடந்தது. காளிதாஸ் அண்ணன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறவர். பாலத்து நெரிசலில் நிற்கும் பேருந்தில் உட்கார்ந்து தலையணை அளவுக்குப் புத்தகங்கள் படிப்பவர். யாராவது விலை கொடுக்காத மந்திரம் மந்திரமே இல்லை, இந்தப் புத்தகம் அதைச் சரியாகச் செய்கிறது என்றார். ஷர்மினி டீச்சர் நல்லினியைத் திருடி என்றே சொன்னார். ஏழைகளின் தூக்கத்தை வாங்கி ராஜாவுக்கு வேலை செய்பவளை எப்படிக் கதாநாயகி என்பது என்று கேட்டார். இரவுப் பணி பார்க்கும் தாதி ராஜம்மா அக்கா, தன் தூக்கத்தையும் யாரோ இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அதற்குப் பிறகு மரியநாதன் அங்கிளின் பதிவு வந்தது.

“நல்ல புள்ள அந்த நல்லினி. எது வந்தாலும் முட்டி போட்டு ஜெபம் பண்ணுது. ஆனா எல்லாமே அதுக்குச் சும்மா கெடச்சிருதுலா. கேட்ட ஒடனே ஆறு நின்னுருது. ரைட்டர் கொஞ்சம் கஷ்டத்தக் காட்டியிருக்கணும்.”

அவர் கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தோம். நான் அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். குரலில் கிண்டல் இல்லை. உண்மையான குறையோடு பேசுகிற ஒருவரின் குரலாகத்தான் அது இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. புத்தகத்தில் யாரும் முட்டி போடவில்லை. ஜெபம் என்ற சொல்லே கிடையாது.

மரியநாதன் அங்கிள் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வளர்ந்தபின் பாசிர் கூடாங்கில் கொஞ்ச காலம், சிங்கப்பூரில் கட்டுமான இடங்களில் கொஞ்ச காலம் வேலை செய்தார். முதுகு வலி வந்ததும் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு ஸ்கூடாயிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவி எவ்லின் ஆண்டி வேனில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்வார். காலைப் பிள்ளைகளை விட்ட பிறகு மதியம் வரை இருவருக்கும் வேலை இல்லை. பள்ளிக்குப் பின்னால் நிழலில் வேனை நிறுத்திவிட்டு இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

டியூஷன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஒரு ஞாயிறு, மாடியில் நாங்கள் சிரித்துப் பேசுவதைக் கேட்டு அவராகவே ஏறி வந்தார். அன்றிலிருந்து ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. எவ்லின் ஆண்டி மட்டும் கீழே வேனிலேயே இருப்பார். மந்திர தந்திரப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கு அவர் வரமாட்டார் என்று அங்கிள் சொல்லியிருந்தார்.

காளிதாஸ் அண்ணன் அடுத்த கூட்டத்தில் ஒரு பொறி வைத்தார். எதேச்சையாகக் கேட்பதுபோல, அந்தக் கோட்டைச் சுவர் தூங்கிப்போகும் அத்தியாயம் எப்படி இருந்தது அண்ணே என்று கேட்டார்.

அங்கிள் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். “சுவர் எங்கடா தூங்குச்சு? அது இடிஞ்சுதானே விழுந்துச்சு. எல்லாரும் அதச் சுத்திச் சுத்தி வந்து பாட்டுப் பாடினாங்க. பொம்பளைங்கதான் மொதல்ல பாடினாங்க.”

காளிதாஸ் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஷர்மினி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அங்கிள் விடவில்லை. யார் பாடினார்கள், என்ன நிறத்தில் துணி கட்டியிருந்தார்கள், எந்தக் கிழவி கால் வலிக்கிறது என்று நடுவில் உட்கார்ந்துகொண்டாள் என்று வரிசையாகச் சொன்னார். படிக்காத ஒருவருக்கு இவ்வளவு விவரம் எங்கிருந்து வரும்? அவர் பொய் சொல்கிறார் என்றால் செல்வராணியைவிட நன்றாகக் கதை கட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன்பின் ஆளாளுக்கு ஒரு சந்தேகம். அவர் எழுத்தாளருக்குச் சொந்தக்காரர், வேண்டுமென்றே குழப்பிவிட்டுப் புத்தகத்தைப் பேசவைக்கிறார் என்றார் காளிதாஸ் அண்ணன். வயதாகிவிட்டது, எங்கோ கேட்ட கதைகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்றார் ராஜம்மா அக்கா. அங்கிளுக்கும் தன் பங்குக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தனக்கு வந்த பிரதியில் அச்சகத்துக்காரன் வேறு கதையைச் சேர்த்துக் கட்டிவிட்டான் என்று அவர் உறுதியாக நம்பினார். என்னைக் கூப்பிட்டு, உன் புத்தகத்தைக் கொண்டு வா, இரண்டையும் ஒத்துப் பார்ப்போம் என்றார். என் பிரதியும் அவருடையதும் ஒரே பெட்டியில் வந்தவை. அவர் தானாகவே மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் பின்னால் வேன் நின்றிருந்தது. கண்ணாடிகள் இறக்கிவிடப்பட்டிருந்தன. கிட்டே போனபோது எவ்லின் ஆண்டியின் குரல் கேட்டது. அழகான குரல். வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போல நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் இரண்டாம் பாகம் திறந்திருந்தது. அங்கிள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ‘அப்போது ஊரார் அனைவரும் ஒருமனப்பட்டு இரவெல்லாம் கண்விழித்து ஜெபித்தார்கள்’ என்று ஆண்டி வாசித்தார். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊரார் கண்விழித்தது உண்மைதான். ஆனால் தூக்கத்தை விற்றுவிட்டதால் கண்விழித்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ஆண்டி புத்தகத்தை மூடிவிட்டார். அங்கிள் சந்தோஷமாக எழுந்து உட்கார்ந்து அதை வாங்கி என் கையில் கொடுத்தார். சுவர் வருகிற பக்கத்தை எடுத்து, முதலில் அவருடையதிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

எதற்கு என்னைப் படிக்கச் சொல்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. படித்தேன். நல்லினி தூக்கத்தை விரித்துப் போடுகிறாள். சுவர் கொட்டாவி விட்டதுபோல ஒருமுறை நெளிந்து தரையில் துவண்டு விழுகிறது. பாட்டு இல்லை. கிழவி இல்லை. அங்கிள் என் பிரதியையும் படிக்கச் சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆண்டியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளி தூரம் என்பதால் அவர் அப்பா அவரைச் சாலையோர மலாய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மலாயும் ஓரளவு ஆங்கிலமும் படிப்பார். எங்களில் பலரைவிட நல்ல தமிழ் பேசுவார். ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடிவிடுவாராம். இதெல்லாம் பிறகு அவரே சொன்னது.

“மந்திரத்த என் வாயால சொல்ல மாட்டேன்னு எங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க,” என்றார் ஆண்டி. அவர் பிறந்த வீடு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கிளின் கத்தோலிக்கக் கோயிலுக்கு மாறினாலும் அந்தக் கண்டிப்பு மட்டும் மாறவில்லை. “ஒங்களுக்கு வேண்டியது கததானே. கதயத்தான் குடுத்தேன்.”

“என் அக்கா அனுப்புற மெசேஜையும் இப்படித்தான் படிச்சியா?”

ஆண்டி சற்று யோசித்தார். “அதுல திட்டறத மட்டும் கொஞ்சம் கொறச்சிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கிளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குத் தமிழ்ச் செய்தித்தாளைப் படித்துக் காட்டுபவர் ஆண்டிதான். மரண அறிவிப்பு, கோயில் சுற்றறிக்கை, சொந்தக்காரர்களின் செய்திகள், எல்லாமே ஆண்டியின் வாய்வழியாகத்தான் அவருக்குப் போயிருக்கின்றன. அதில் எது உள்ளது, எது ஆண்டி சேர்த்தது என்று அவர் இனி எப்படிப் பிரிப்பார்? எழுந்து போய் வேனின் பின்பக்கம் நின்றுகொண்டார். பள்ளி விடும் நேரம் வரை முன்பக்கம் வரவில்லை.

நான் இதைக் குழுவில் சொல்லவில்லை. சொன்னால் அவரைத் தமிழ் தெரியாதவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் அவர் இவ்வளவு நாள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார். வேலை செய்த இடங்களில் எல்லாம் கூப்பிட்ட பக்கம் ஓடியவருக்கு, எங்கள் மாடியில்தான் அவர் என்ன நினைக்கிறார் என்று நாலு பேர் கேட்டார்கள்.

அதன்பிறகு வேனில் வாசிப்புச் சத்தம் நின்றுபோனது. குழுவிலும் அவர் பதிவு எதுவும் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று பயந்துவிட்டார் என்றார் காளிதாஸ் அண்ணன்.

மூன்றாம் பாகம் வெளிவந்தபோது செல்வராணி ஸ்கூடாய்க்கு வந்து எங்களோடு பேசச் சம்மதித்தார். வாசகர்கள் சார்பில் சிலர் கருத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்க்காத கோணத்தில் பார்ப்பவர் என்று ஷர்மினி டீச்சர் மரியநாதன் அங்கிளின் பெயரைச் சொன்னார். காளிதாஸ் அண்ணன் உடனே ஆமோதித்தார். எதற்கு ஆமோதித்தார் என்று எனக்குத் தெரியும்.

அங்கிள் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. மூன்றாம் பாகத்தை ஆண்டியிடம் கொடுத்து, உள்ளதை உள்ளபடி படி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆண்டி ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்தாராம். மந்திரம் வருகிற இடங்களில் குரல் கம்மிப்போனாலும் எதையும் விடாமல் கடைசிவரை படித்திருக்கிறார்.

அந்த முடிவுதான் வினையாகிவிட்டது. போரை நிறுத்த நல்லினி நாடு முழுவதிலிருந்தும் தூக்கத்தை வாங்குகிறாள். போர் நிற்கிறது. ஆனால் மிச்சமான தூக்கத்தை ஓர் உயிரின்மேல் இறக்கி வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது ஊர்மேல் விழும். நல்லினி அதைத் தன் சின்ன மகன்மேல் போர்த்துகிறாள். அவன் இனி எழுந்திருக்கவே மாட்டான்.

அங்கிள் நம்பவில்லை. எந்தத் தாயும் அப்படிச் செய்யமாட்டாள், மந்திரம் செய்தவளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று எவ்லினே இதைக் கட்டிவிட்டாள் என்றார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய், ஆண்டி படித்தது சரிதான், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னையும் சந்தேகமாகப் பார்த்தார்.

“நீ நேத்துகூட இங்க உக்காந்து அவ கையால சாப்பிட்ட. நீ அவ பக்கந்தான் பேசுவ.”

ஆண்டி சமையலறையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். திரும்பவே இல்லை. உண்மையைப் படித்துவிட்டு அதற்கும் பொய்க்காரி ஆன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

கூட்டத்தன்று மாடி நிறைந்திருந்தது. செல்வராணி நான் நினைத்ததைவிடச் சின்னவராக, பருத்திப் புடவையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். எவ்லின் ஆண்டியும் முதல் முறையாக மேலே வந்து, கதவுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்தார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அங்கிள் என்ன பேசப்போகிறார் என்று அவருக்கும் தெரியாது.

எங்கள் குழுவுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எல்லாரும் படித்து முடிக்கும்வரை முடிவை யாரும் சொல்லக் கூடாது. ஓவர்டைம் காரணமாகக் காளிதாஸ் அண்ணன் இன்னும் பாதியில்தான் இருந்தார். அவர் தன் கேள்விகளைக் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தார். எல்லாம் அங்கிளை மடக்கும் கேள்விகள்.

அங்கிள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு செல்வராணியின் பக்கம் திரும்பினார்.

“மேடம், எனக்குத் தமிழ் படிக்க வராது,” என்றார். “என் வைஃப்தான் எனக்குப் படிச்சுக் காட்டுறாங்க. அதனால ஒங்ககிட்டத்தான் கேக்கணும். கடைசியில அந்த நல்லினி பெத்த புள்ளய நெஜமாவே தூங்க வச்சிட்டாளா?”

காளிதாஸ் அண்ணன் “அலமாக்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அங்கிள் யாரையும் கவனிக்கவில்லை. அவர் கண் செல்வராணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமாண்ணே, தூங்க வச்சிட்டா,” என்றார் செல்வராணி. “எழுதறப்ப எனக்கும் மனசு வரல. வேற வழி தெரியல.”

அங்கிள் தலையாட்டினார். கதவுப் பக்கம் திரும்பி ஆண்டியைப் பார்த்தார். “அப்ப சரியாத்தான் படிச்சிருக்கா,” என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். ஆண்டி கைப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அங்கிள் தன் கருத்தைச் சொன்னார். முடிவு தனக்குப் பிடிக்கவில்லை, தூக்கத்தை ஒரே பிள்ளைமேல் போடாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம், அந்த ஊர்ச் சனங்கள் மறுத்திருக்கமாட்டார்கள் என்றார். செல்வராணி அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். காளிதாஸ் அண்ணன் தன் கேள்வி எதையும் கேட்கவில்லை.

அன்று மாலையே குழுவில் புதிய சந்தேகம் ஒன்று கிளம்பியது. படிக்கத் தெரியாது என்றதே நாடகம், மூன்றாம் பாகத்தைப் பேசவைக்க எழுத்தாளரும் அவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று யாரோ எழுதினார்கள். படிக்கத் தெரியாத ஒருவர் அப்படி ஒரு முடிவை யோசிக்க முடியுமா என்று கேட்டார்கள். அந்தச் செய்தியை நான் அங்கிளுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு சொல்லும் குறைக்காமல். அப்போது கூட்டம் கலைந்து, ஆண்டியும் அவருமாக வேனில் என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க வண்டிகள் அசையாமல் நின்றன.

“நாளைக்கு மொதல் பாகத்த மறுபடி ஆரம்பி,” என்றார் ஆண்டியிடம்.

“எது? அந்தம்மாவோடதா, என்னோடதா?”

அங்கிள் முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

“மொதல்ல அவங்களோடது. அப்புறம் ஒன்னோடதும் இன்னொரு வாட்டி படி. எது நல்லாருக்குன்னு நான் குரூப்ல சொல்றேன்.”